வலி உணராப் பாதம்

நுழையும்முன்

மருத்துவர் நோயைக் கண்டறிகிறார். வேண்டுமாயின் அறுவை செய்கிறார். ஒரு நாளில் அவர் நோயாளியின் படுக்கையருகே நிற்பது சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் நோயாளியைக் காப்பவர் செவிலியர். வயதுவந்தோருக்கான மருத்துவ அறுவைச் செவிலியத்தின் அடிப்படைகளை நீரிழிவுக் கால்புண் என்னும் ஒரே நோயின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடிகள் பழனியை நோக்கிப் புறப்படும். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவை அடியார்கள் நடந்தே கடப்பர். காரைக்குடியைச் சூழ்ந்துள்ள சாக்கோட்டை ஒன்றியத்துச் சிற்றூர்களிலும் பழனிக்கு நடப்பதாக நேர்ந்துகொண்டோர் பலர் உண்டு. வெறுங்காலில் நடப்போருக்கு நண்பகலில் தார்ச்சாலை கொதிக்கும், சரளைக்கல் உறுத்தும், சீமைக்கருவேல முள் தைக்கும். கால் சுட்டவர் நிழலுக்கு ஒதுங்குகிறார். முள் தைத்தவர் அமர்ந்து அதைப் பிடுங்குகிறார். அவ்வாறு ஒதுங்கவும் அமரவும் செய்வது வலி. பல்லாண்டுகளாக நீரிழிவு உடைய ஒருவருக்கு அந்த வலி தோன்றாமலே போகக்கூடும். முள் முறிந்து உள்ளே தங்கியிருக்க, அவர் அதன்மீதே மிதித்து நடப்பார். கொப்புளம் உடைந்தும் அறியார். மாலையில் காலைக் கழுவும்போது நீரில் குருதி கலந்திருப்பதைக் கண்ட பின்னரே ஏதோ நேர்ந்துள்ளது என்பது தெரியவரும்.

இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. குருதியில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருப்பின் நரம்புகள் பழுதுறும். உடலின் மிக நீண்ட நரம்புகள் பாதத்திற்குச் செல்பவையாதலால் உணர்விழப்பு அங்கேதான் தொடங்குகிறது. வியர்வையைத் தூண்டும் நரம்புகளும் செயலிழப்பதால் தோல் வறண்டு வெடிக்கிறது. குருதிக் குழாய்கள் குறுகுவதால் புண்ணை ஆற்றத் தேவையான உயிர்வளியும் ஊட்டமும் போதிய அளவில் பாதத்தைச் சென்றடைவதில்லை. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் திறனும் குறைகிறது. இவை ஒன்றுசேரும்போது ஒரு முள் விரலையும், சில வேளை காலையும், காலம் தாழ்ந்தால் உயிரையும் கேட்கிறது.

இந்நோய் எத்துறையைச் சார்ந்தது? சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது பொது மருத்துவரின் பணி. அழுகிய தசையை அகற்றுவது அறுவை மருத்துவரின் பணி. நோயாளியோ ஒருவர்தான். அவரை இரு கூறாக்காமல் ஒருவராகவே காண்பது மருத்துவ அறுவைச் செவிலியம். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக, நோயாளியின் அருகிருந்து பணிசெய்பவரையும் வைத்துப் பேசுகிறது. மருந்துக்கும் மருத்துவருக்கும் இணையான இடம் அவருக்கு அங்கே தரப்பட்டிருப்பதைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

வேலூர் கற்பித்தது

உணர்விழந்த உறுப்பை எவ்வாறு காப்பது என்னும் அறிவின் பெரும்பகுதி தமிழ்நாட்டில் உருவானது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், 1946ஆம் ஆண்டு முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயால் தசை தானாகவே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். பிராண்ட் அதனை ஏற்கவில்லை. புண்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்று அவர் ஒவ்வொன்றாகத் தேடினார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியமை, துருப்பிடித்த பூட்டை மிகுந்த விசையுடன் திருகியமை, ஆணி துருத்திய செருப்பை அணிந்து நாளெல்லாம் நடந்தமை என ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. சில நோயாளிகளின் விரல்கள் மட்டும் இரவோடு இரவாகக் குறைந்துபோயின. கண்விழித்துக் காத்திருந்தபோது விடை கிடைத்தது. எலிகள் கடித்திருந்தன, உறங்கியவர்களுக்கு அது தெரியவேயில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பும் வழக்கம் அங்கு ஏற்பட்டது. மருத்துவ வரலாற்றில் பூனையும் ஒரு மருந்துச்சீட்டாக அமைந்த இடம் இதுவாகவே இருக்கும்.

தசை கெட்டதன்று, காவல்தான் போயிற்று என்பதே இதன் பொருள். காவல் போன இடத்தில் கண்ணைக் காவலாக வைக்கவேண்டும். பிராண்ட் 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின் இதே அறிவை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். பாதத்தின் அழுத்தத்தைப் பரவலாக்கும் நுண்ணறை ரப்பர்க் காலணி வேலூரிலும் அதனை அடுத்த கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்கெனச் செய்யப்பட்டது. இன்று எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் நீரிழிவு நோயாளிகளும் அதனை அணிகின்றனர்.

செவிலியக் கல்விக்கும் இம்மண்ணில் நெடிய வரலாறு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டில் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909ஆம் ஆண்டில் செவிலியர் பள்ளியை ஏற்படுத்தினார். 1946ஆம் ஆண்டில் அங்குப் பட்டப்படிப்பு வந்தது. சென்னை மாகாணம் 1926ஆம் ஆண்டிலேயே செவிலியர் பதிவுக்கெனச் சட்டம் இயற்றியது.

நோயாளியை அறிதல்

சாக்கோட்டை ஒன்றியத்தைச் சேர்ந்த ஐம்பத்தைந்து வயதுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். புதுவயல் பகுதி அரிசி ஆலை ஒன்றின் களத்தில், அவித்த நெல்லைக் காலால் கிளறி உலர்த்துவது அவர் தொழில். வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நடந்து பழகியவர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. மாத்திரையை நினைத்தபோது உண்பார். வலக்காலின் பெருவிரலில் கருமை படர்ந்து நாற்றம் வந்தபின் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்.

செவிலியரின் முதற்பணி கணித்தறிதல். கேட்டல், பார்த்தல், தொடுதல், அளத்தல் ஆகிய நான்கும் அதில் அடங்கும். “வலிக்கிறதா, ஐயா?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை, அம்மா” என்றுதான் அவர் விடையளிப்பார். அவ்விடை பொய்யன்று, ஆறுதல் தருவதும் அன்று. பத்துக் கிராம் விசையில் வளையும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, கண்களை மூடியிருக்கும் அவரால் அத்தொடுகையை உணரமுடிகிறதா எனச் செவிலியர் பார்க்கிறார். பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடியைத் தேடுகிறார். இரண்டு பாதங்களின் வெப்பத்தையும் புறங்கையால் ஒப்பிடுகிறார். விரலிடுக்குகளை விரித்துப் பார்க்கிறார். காலணி இருப்பின் அதனுள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பதும் இச்சோதனையின் பகுதியே.

உடலோடு கணிப்பு முடிவதில்லை. வீட்டில் உடனிருப்பவர் யார், நாட்கூலி நின்றால் அடுப்பு எவ்வாறு எரியும், மருந்துச்சீட்டைப் படிக்க இயலுமா, எதனை அஞ்சுகிறார் என்பவற்றையும் அறிந்தாக வேண்டும். “விரலென்று சொல்லிக் காலையே எடுத்துவிடுவார்கள்” என்னும் அச்சத்தால் மருத்துவமனைக்கு வருவதைத் தள்ளிப்போடுவோர் உண்டு. அச்சத்தை அறியாமல் செய்யப்படும் கணிப்பு அரைகுறையானது.

மருத்துவர் எழுதும் நோய்ப்பெயர் ‘நீரிழிவுக் கால்புண்’ என்பது. செவிலியர் வகுக்கும் முடிபுகள் வேறு வகையின. உணர்விழப்பால் மீண்டும் காயமுறும் இடர், தொற்று பரவும் இடர், பாதப் பராமரிப்பைப் பற்றிய அறியாமை, வருவாய் இழப்பால் எழும் கவலை என அவை அமையும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கும் அதனை அடையும் செயலும் திட்டமிடப்படும். செயல் பயன் தந்ததா என்பது பின்னர் மதிப்பிடப்படும். பயன் தராதபோது மீண்டும் கணிப்பிலிருந்தே தொடங்கவேண்டும்.

சிறிய ஊசி, பெரிய பிழை

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம், சரியான பதிவு. மருந்து கொடுக்கும்போது நினைவிற்கொள்ள வேண்டியவை என்று இவற்றை எல்லா நூல்களும் கூறும். இன்சுலின் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே இவற்றின் பொருள் விளங்கும்.

இந்தியாவில் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்ட இன்சுலின் குப்பிகள் பரவலாகப் புழங்குகின்றன. 100 அலகு கொண்டவையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசிக்குழல் உள்ளது. முன்னதற்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 40 அலகுக் குப்பியிலிருந்து 100 அலகுக் குழலில் ‘20’ என்ற கோடுவரை எடுத்தால் உடலுக்குள் செல்வது 8 அலகு மட்டுமே. மாறாக, 100 அலகுக் குப்பியிலிருந்து 40 அலகுக் குழலில் அதே ‘20’ வரை எடுத்தால் 50 அலகு சென்றுவிடும். குழலில் இருப்பது ஒரே எண்தான். ஆனால் ஒன்றில் நோய் தணியாது, மற்றொன்றில் உயிர் போகலாம். ஆகவே குப்பியின் பெயரோடு அதன் செறிவையும் படித்து, குழலோடு ஒப்பிட்டு, உடன் பணிபுரியும் மற்றொரு செவிலியரிடமும் காட்டிச் சரிபார்த்தல் முறையாகும்.

சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை தோன்றும். நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். சிரைவழியே குளுக்கோஸ் ஏற்றுவதே வழி.

அறுவைக்கு முன்னும் அறுவை அரங்கிலும்

விரலை அகற்றுவதென மருத்துவர் முடிவு செய்கிறார். நோயாளியின் ஒப்புதல் பெறப்படுகிறது. கைந்நாட்டு வாங்கிவிட்டால் ஒப்புதல் முடிந்தது என்று கருதுவது தவறு. எது அகற்றப்படும், எது அகற்றப்படாது, அகற்றாவிடில் என்ன நேரும் என்பவற்றை அவர் தம் சொற்களிலேயே திருப்பிச் சொல்லக் கேட்டபின்தான் அவர் புரிந்துகொண்டார் எனக் கொள்ளலாம். விளக்க வேண்டிய பொறுப்பு மருத்துவருடையது. விளங்கியதா என்பதைப் பார்த்து, விளங்கவில்லையெனின் மருத்துவரை மீண்டும் அழைக்கும் பொறுப்பு செவிலியருடையது.

அறுவைக்கு முன் திட உணவை ஆறு மணிநேரமும் தெளிந்த நீரை இரண்டு மணிநேரமும் நிறுத்துவது வழக்கம். பட்டினி இருக்கும் காலையில் வழக்கமான அளவு இன்சுலினைச் செலுத்தினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அன்றைய அளவை மருத்துவரிடம் கேட்டறியாமல் பழைய சீட்டின்படி ஊசி போடுதல் கூடாது.

உலக நலவாழ்வு அமைப்பு அறுவைப் பாதுகாப்புக்கென 19 கூறுகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வகுத்துள்ளது. மயக்கமருந்து தருமுன், தோலைக் கீறுமுன், நோயாளி அரங்கை விட்டு நீங்குமுன் என மூன்று வேளைகளில் அது உரக்கப் படிக்கப்படும். பெயர் என்ன? எந்தக் கால்? எந்த விரல்? ஒவ்வாமை உண்டா? இறுதியில் பஞ்சும் துணியும் கருவிகளும் எண்ணப்பட்டனவா? பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்பனபோல் தோன்றும் இவ்வினாக்களை, புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்திப் பார்த்தனர். 2009ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அறுவையை ஒட்டிய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இன்றி, கேட்கப்பட்ட கேள்விகள் விளைத்த பயன் இது.

முதல் இரவு

அறுவை முடிந்து படுக்கைக்குத் திரும்பிய முதல் மணிநேரத்தில் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, குருதி அழுத்தம், மூச்சு, வெப்பம், உயிர்வளி நிறைவு, நினைவுநிலை ஆகியவை பார்க்கப்படும். பின்னர் அரைமணிக்கு ஒருமுறை, அதன்பின் மணிக்கு ஒருமுறை என இடைவெளி நீளும். எண்களை எழுதுவது எளிது. ஒன்றோடொன்று சேர்த்துப் படிப்பதே செவிலியரின் திறன்.

நாடித்துடிப்பு முதலில் 82; அடுத்து 96; அதற்கடுத்து 112. குருதி அழுத்தமோ மாறாமல் 120/80. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அமைதி கொள்பவர் ஆபத்தைத் தவறவிடுகிறார். குருதி இழப்பு ஏற்படும்போது இதயம் விரைந்து துடித்தும் குருதிக் குழாய்கள் சுருங்கியும் சிறிது நேரம் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். தாங்க இயலாமற்போன பின்னரே அழுத்தம் சரியும். அப்போது நேரம் கடந்திருக்கும். எனவே உயரும் நாடியைக் கண்டவுடன் கட்டைப் பார்க்கவேண்டும். மேற்புறம் வெண்மையாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், காலுக்கு அடியில் கையைச் செலுத்திப் பார்க்கவேண்டும். குருதி கீழ்நோக்கி வழிந்து விரிப்பில் தேங்கியிருக்கும். போர்வை அதனை மறைத்திருக்கும். ஒரு மணிக்கு 30 மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சிறுநீர் இறங்குவதும் இதே செய்தியைத் தெரிவிக்கும் மற்றொரு குறியாகும்.

முதுகுத்தண்டில் மயக்கமருந்து பெற்றவருக்குச் சில மணிநேரம் இரு கால்களும் மரத்திருக்கும். சிறுநீர் கழிக்க இயலாமல் அடிவயிறு புடைத்திருப்பதும் அவருக்குத் தெரியாமற்போகலாம். எல்லோரும் அறுவை செய்த வலக்காலையே பார்த்துக்கொண்டிருக்க, இடக்காலின் குதிகால் மெத்தையில் அழுந்திக்கிடக்கும். அங்குத் தோன்றும் சிவப்பு, விரலால் அழுத்தும்போது வெளுக்காவிடில், அதுவே படுக்கைப் புண்ணின் தொடக்கம். கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் உயர்த்துவதும், இரண்டு மணிக்கு ஒருமுறை உடலைத் திருப்பிக் கிடத்துவதும் மிக எளிய செயல்கள். அவை செய்யப்படாமையால் நல்ல காலையும் இழந்தவர்கள் உண்டு.

கட்டு மாற்றுதல் கைகழுவுதலில் தொடங்குகிறது. வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களைக் கைகழுவச் செய்து மகப்பேற்று இறப்புகளைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். அந்நாளைய மருத்துவர்கள் பலர் அதனை ஏற்கவில்லை. நோயாளியைத் தொடுமுன், தூய செயலுக்கு முன், உடல்நீர்மம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரது சூழலைத் தொட்டபின் என ஐந்து வேளைகளில் கைத்தூய்மை வேண்டும். கையுறை அணிந்திருப்பது கைகழுவாமைக்கு ஈடாகாது. தூய்மை நோயாளிக்கு மட்டும் உரியதும் அன்று. கேரளத்தில் 2018ஆம் ஆண்டில் நிபா தொற்று பரவியபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, தாம் பராமரித்த நோயாளியிடமிருந்து தொற்றுக்கு ஆளாகி மே 21ஆம் நாள் உயிர் நீத்தார்.

நீரிழிவு உடையவரின் புண்ணில் சீழ் பிடித்தாலும் வலியோ கடுங்காய்ச்சலோ இல்லாமற்போகலாம். உணவும் மருந்தும் மாறாமல் இருக்கும்போது குருதிச் சர்க்கரை மட்டும் திடீரென ஏறுமாயின், கட்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும். இவற்றையெல்லாம் கண்ட நேரத்துடன் எழுதிவைத்து, பணி மாறும்போது அடுத்தவரிடம் படுக்கையருகே நின்று சொல்லவேண்டும். “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்பது ஒப்படைப்பு ஆகாது. நாடி ஏறியதா, இறங்கியதா, எதற்காக மருத்துவர் அழைக்கப்பட்டார், அடுத்து எதனைக் கவனிக்கவேண்டும் என்பனவே ஒப்படைக்கத் தக்கவை.

களத்துக்குத் திரும்பும் கால்

விடுப்பளிக்கும் நாளில் அறிவுரை கூறத் தொடங்குவது பயனற்றது. அன்று நோயாளியின் மனம் பேருந்திலும் வீட்டிலும் இருக்கும். கட்டு மாற்றும் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் கற்பித்து, உடனிருக்கும் மனைவியையும் செய்துகாட்டச் செய்தல் வேண்டும். நாள்தோறும் இருவேளை பாதத்தின் அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும். குனிய இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாமல் முழங்கையாலோ வீட்டிலுள்ள பிறர் கையாலோ அறிதல் வேண்டும். குதிகால் வலிக்கு எருக்கிலையைச் சூடான செங்கல்மேல் வைத்து மிதிக்கும் பழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. உணர்வுள்ள காலுக்கு அது இதமளிக்கலாம்; உணர்விழந்த காலை அது வேகவைத்துவிடும். தேங்காயெண்ணெயைக் குதிகாலிலும் பாதத்திலும் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது. ஈரம் தங்கும் இடத்தில் தோல் ஊறிப் புண்ணாகும்.

செருப்பின்றி நடக்கக்கூடாது என்பது எல்லோரும் கூறும் அறிவுரை. நெல்லைக் காலால் கிளறுபவரிடம் அதனைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. களத்தில் செருப்புடன் நெல்லை மிதிக்க யாரும் உடன்படமாட்டார்கள். நெல்லை மரப்பலகையால் கிளறும் வேலையோ, நிழலில் மூட்டை தைக்கும் வேலையோ ஆலையில் கிடைக்குமா என்று செவிலியர் கேட்கவேண்டியிருக்கிறது. அவ்வாறு கேட்பதும் செவிலியத்தின் பகுதியே.

தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீடுகளுக்கே கொண்டுசேர்க்கிறது. நோய் தணிப்புப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் அதில் அடங்கும். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்கவேண்டிய நிலை இதனால் மாறுகிறது. மாத்திரை கொண்டுவருபவர் வாசலிலேயே அதனைக் கொடுத்துவிட்டுச் செல்லாமல், திண்ணையில் அமர்ந்து காலை நீட்டச் சொல்லிப் பார்க்கவேண்டும்; செருப்பின் உட்புறத்தையும் தடவிப் பார்க்கவேண்டும். எம்.சி.ஆர். செருப்பு ஆணி இல்லாமல் ஒட்டியும் தைத்தும் செய்யப்படுவது. வார் அறுந்தபோது அருகிலுள்ள கடையில் ஓர் ஆணி அடித்து வாங்கி வந்திருந்தால், அந்த ஆணியின் முனை அவர் கைக்குத்தான் முதலில் தட்டுப்படும்.